வழியனுப்பும் ஊருக்கு வருகிறவர் யார்?



வருஷந்தோறும் செப்டம்பர் 27-ஆம் தேதி உலகச் சுற்றுலா நாளாகக் கொண்டாடப்படுவதை ஒட்டி, நம் தேசத்தில் சுற்றுலாத் தொழில் வளர்ந்த விதத்தையும் அது இப்போது மாறிவரும் போக்கையும் பற்றிப் பேச வேண்டும் என்று இந்த நூல்நிலையத்தார் என்னைப் பணித்தார்கள். ஆக்ராவையும் ஜெய்ப்பூரையும் பற்றிப் பேச வேறு இடங்களும் வேறு அறிஞர்களும் உண்டு. இராயபுரத்தில் நின்று பேசுகிறவன், இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீண்டு கிடக்கும் இந்தக் கடற்கரையை முன்வைத்தே அந்த விஷயத்தை ஆராய்வதுதான் பொருத்தம் என்று எண்ணினேன். சென்னைக்கு வருகிறவர்கள் பார்த்துச் செல்ல வேண்டிய இடங்களின் பட்டியலில் நம் பகுதியின் பெயர் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஆனால், தென்னாட்டு ஜனங்கள் ஊர் விட்டு ஊர் பிரயாணம் புறப்பட்ட சரித்திரத்தை ஒருவர் எழுதப் புகுந்தால், அதில் பல அத்தியாயங்களை இங்கிருந்துதான் அவர் தொடங்க வேண்டியிருக்கும்.

1830-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் தேதி, சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக உத்தியோகம் பார்த்துவந்த ஏனுகுல வீராசாமய்யர், உறவினரும் பணியாளருமாக ஏறத்தாழ நூறு பேர் கொண்ட பரிவாரத்துடன், பல்லக்குகளும் சுமைகளும் முன்னும் பின்னும் வர, காசி யாத்திரை புறப்பட்டார். அவர் புறப்பட்டது தண்டையார்பேட்டையிலிருந்து. ரயில் இல்லாத அந்தக் காலத்தில் ஐதராபாத், நாகபுரி வழியாக வடக்கே சென்று, காசியையும் கயையையும் தரிசித்து, கல்கத்தா வழியாக 1831-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் தேதி திரும்பிவந்தார். வழியெல்லாம் தாம் கண்டவற்றை நண்பர் சீனிவாச பிள்ளைக்குத் தெலுங்கில் எழுதிக்கொண்டே போனார். அந்த எழுத்துகள்தாம் 1838-இல் ‘காசி யாத்திரை சரித்திரம்’ என்னும் நூலாக அச்சேறின. அந்த நூலில் க்ஷேத்திர மகிமையும் உண்டு, தத்துவ விசாரமும் உண்டு. ஆனால் என் மனத்தில் ஆழப் பதிந்தவை வேறு. எந்த ஊரில் குடிநீர் நன்றாயிருக்கிறது, எங்கே கடை இருக்கிறது, எந்த இடத்தில் இறங்கித் தங்க வசதி உண்டு என்று தமக்குப் பின்னால் வரப்போகிற யாத்திரிகனை நினைத்து அவர் குறித்துவைத்த குறிப்புகளே அவை. பிற்காலத்தில் சர்க்காரும் கம்பெனிகளும் செய்யத் தொடங்கிய வேலையை, நம் தண்டையார்பேட்டையிலிருந்து கிளம்பிய ஒரு தனி மனிதர் ஒன்றேகால் வருஷத்துக்கு மேல் ராயசம் எழுதுவதுபோல் செய்திருக்கிறார். அவர் பெயர் தாங்கிய ஒரு தெருவோ ஒரு கல்வெட்டோ இந்த வட்டாரத்தில் என் கண்ணில் பட்டதில்லை.

நம்மிடமிருந்து யாத்திரை புறப்பட்டார்கள் என்பதோடு, நம்மை நாடி யாத்திரை வந்ததும் உண்டு. திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் தேவாரம் பாடப்பெற்ற தலத்து இறைவர். சுந்தரர் சங்கிலியாரை மணந்ததும், பிரியேன் என்று மகிழ மரத்தின் கீழ் உரைத்ததும் இங்கேதான். பட்டினத்தார் அடங்கியது இந்தக் கடலோரம். இராமலிங்க அடிகள் வடிவுடை மாணிக்க மாலை சாற்றியது இத்தலத்து வடிவுடையம்மைக்கு. கருவறை விமானம் முதலாம் இராசேந்திரன் காலத்தில், இரவி என்னும் வீரசோழத் தச்சன் கருங்கல்லில் யானையின் பின்புறம்போல் வளைத்து எழுப்பியது. இதை நின்று பார்க்கிறவர் மிகச் சிலரே. புற்று வடிவான மூலவருக்கு வருஷம் முழுதும் சாத்தியிருக்கும் கவசத்தைக் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் களைந்து, புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துகிறபோது, சந்நிதித் தெரு கொள்ளாத கூட்டம் கூடுகிறது. வெள்ளிக்கிழமையோடு பௌர்ணமி கூடிவருகிற நாளில், மேலூர் திருவுடையம்மனையும் திருவொற்றியூர் வடிவுடையம்மனையும் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மனையும் ஒரே நாளில் தரிசிப்பது விசேஷம் என்று நம் பாட்டிமார் கட்டுச்சோற்றுடன் கிளம்பினார்களே, அதுவும் ஒரு சுற்றுலாத் திட்டம்தான். அதை வகுத்துக் கொடுக்க ஒரு இலாகா வேண்டியிருக்கவில்லை.

இனி யந்திர யுகத்துக்கு வருவோம். 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை திறக்கப்பட்டு, இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வண்டி ஓடிற்று. இந்தத் தேசத்தில் அதற்கு முன்பே திறக்கப்பட்ட பம்பாய் போரிபந்தரிலும் தாணாவிலும் ஆதிக் கட்டடங்கள் நிலைக்கவில்லை. எனவே பழைய கட்டடம் நின்று நிலவுகிற நிலையங்களில் மூத்தது நம் இராயபுரம்தான். அந்த நெடிய தூண்களுக்கு அடியில் நின்று நிமிர்ந்து பார்த்திருக்கிறீர்களா? கவர்னர் ஹாரிஸ் பிரபு வந்து திறந்துவைத்த நாளில் அவை எவ்வளவு பகட்டாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும். 1873-இல் சென்ட்ரல் நிலையம் வந்தது. சிறிது சிறிதாகப் பெரிய வண்டிகளெல்லாம் அங்கே போயின. பாழடைந்து கிடந்த இந்தக் கட்டடத்தை 2005-இல் செப்பனிட்டார்கள். செப்பனிட்டதோடு காரியம் நின்றுவிட்டது.

கப்பல் கதை இன்னும் உருக்கமானது. இரங்கூனுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற தமிழர்களில் எத்தனையோ பேர் சென்னைத் துறைமுகத்தில்தான் கடைசியாகத் தாய்மண்ணை மிதித்தார்கள். 1926-இலிருந்து 1973 வரை ஓடிய ‘ரஜூலா’ கப்பலை மறந்த குடும்பம் மலேயாத் தமிழரிடையே இருக்க முடியாது. அதன்பின் வந்த ‘சிதம்பரம்’ கப்பல் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்து உயிர்ச்சேதம் நேர்ந்ததோடு, அந்தக் கடல்வழிப் போக்குவரத்தே முடிவுக்கு வந்தது. அந்தக் கப்பல்களில் போனவர்கள் உல்லாசத்துக்காகப் போகவில்லை, வயிற்றுப்பாட்டுக்காகப் போனார்கள். ஆனால் அவர்களுடைய பேரன் பேத்திகள் இன்று விமானத்தில் வந்து இறங்கி, மதுரையும் இராமேசுவரமும் பார்த்து, பாண்டிபஜாரில் பட்டு வாங்கித் திரும்புகிறார்கள். தமிழ்நாட்டுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களில் மலேசியாவினரும் இலங்கையினரும் கணிசமான தொகையினர். பாட்டனார் கப்பலேறிய இடம் எது என்று அவர்களைக் கூட்டிச் சென்று காட்டுவார் இல்லை.

மற்றொன்றையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். சுதந்திரம் பெற்ற அடுத்த வருஷம் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ், 1955-இல் லேலண்டு பெயரையும் சேர்த்துக்கொண்டு எண்ணூரில் செய்த பஸ் சட்டங்கள்மேல்தான் தமிழ்நாட்டின் திருப்பதி யாத்திரையும் ஊட்டி உல்லாசப் பயணமும் பள்ளிக்கூடச் சுற்றுலாவும் பெரும்பகுதி நடந்தன. அதே காலத்தில் திருவொற்றியூரில் ராணுவத்துக்காகச் செய்யத் தொடங்கிய என்ஃபீல்டு புல்லட்டின் மேல் ஏறிக்கொண்டு, இன்றைக்கு வெள்ளைக்காரரும் நம் இளைஞரும் லடாக்கின் மலைக்கணவாய்களைத் தாண்டிப் போகிறார்கள். தேசமெல்லாம் சுற்றும் சக்கரத்தை நாம் செய்துகொடுத்தோம். அந்தச் சக்கரம் நம் தெருப்பக்கம் திரும்பவில்லை.

சுற்றுலாவை ஒரு தொழிலாகச் சர்க்கார் கருதத் தொடங்கியது எப்போது? யுத்தம் முடிந்த 1945-இல் சார்ஜண்ட் என்பவர் தலைமையில் ஒரு கமிட்டி அமைந்து, இதற்கென்று தனி ஸ்தாபனம் வேண்டுமென்று யோசனை சொல்லிற்று. 1949-இல் போக்குவரத்து அமைச்சில் ஒரு கிளை தோன்றி, 1958-இல் தனி இலாகா ஆயிற்று. 1966-இல் இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகமும், 1971-இல் தமிழ்நாட்டின் கழகமும் வந்தன. 1951-இல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டவர் பதினேழாயிரம் பேர்கூட இல்லை. 2019-இல் அந்தத் தொகை ஒரு கோடியே ஒன்பது லட்சம். கொரோனா வந்த 2020-இல் இருபத்தேழு லட்சமாகச் சரிந்து, 2023-இல் மறுபடியும் தொண்ணூற்றைந்து லட்சத்தைத் தொட்டது. உலகமெங்கும் எடுத்துக்கொண்டால், 1950-இல் தேச எல்லை கடந்து பிரயாணம் செய்தவர்கள் இரண்டரைக் கோடி, 2019-இல் நூற்று நாற்பத்தாறு கோடி. இந்தப் பிரவாகத்தில் நம் பங்கு சிறியதே.

ஆனால் உள்நாட்டுக் கணக்கைப் பாருங்கள். 2019-இல் தமிழ்நாட்டில் உள்நாட்டுப் பயணிகளின் வருகை ஏறத்தாழ 49 கோடி என்று மத்திய அரசின் புள்ளிவிவரம் கூறுகிறது. ஏழரைக் கோடி ஜனத்தொகையுள்ள ராஜ்யத்தில் இது எப்படி என்று திகைக்க வேண்டியதில்லை. அந்தப் புள்ளிவிவரம் எண்ணுவது வருகைகளை. ஒரே குடும்பம் காஞ்சிபுரமும் திருவண்ணாமலையும் சிதம்பரமும் சென்றால் அது மும்முறை கணக்கில் ஏறும். இதில் பெரும்பகுதி கோயிலுக்கும் குளத்துக்கும் போகிற பக்தஜனங்கள். ஆகவே நம் தேசத்துச் சுற்றுலாவின் அஸ்திவாரம் யாத்திரை என்பதே என் துணிபு. விமானத்தில் வருகிற அந்நியருக்காகக் கட்டப்பட்ட மாளிகை விடுதிகளைக் கண்டு, சத்திரத்தில் படுத்துறங்கும் அந்தக் கோடிக்கணக்கானவர்களை நாம் மறந்துவிடுகிறோம்.

இப்போதைய போக்குகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன், நீங்களே கண்டு அனுபவிக்கிறவைதாம். கோடை விடுமுறைக்கு ஒரு மாதம் முன்பே திட்டமிட்டுக் கூட்டமாய்ப் போன காலம் மாறி, வெள்ளிக்கிழமை இரவு நினைத்துச் சனிக்கிழமை காலையில் கிளம்பும் காலம் வந்திருக்கிறது. டிக்கட்டும் விடுதியும் கைபேசியிலேயே முடிகின்றன. 2014 நவம்பரிலிருந்து பல நாட்டாருக்கு விசாவும் மின்னணு வழியாகவே கிடைக்கிறது. வைத்தியத்துக்கென்று சென்னைக்கு வருகிற கூட்டம் தனி. துறைமுகத்திலும் மறுபடி பயணிகளைக் காண்கிறோம்: 2022 ஜூனில் இங்கிருந்து ஓர் உல்லாசக் கப்பல் கிளம்பிற்று, மறுவருஷம் அதுவே அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைத் துறைகளுக்கும் சென்றது. எல்லாவற்றிலும் எனக்கு நம்பிக்கை தருகிற மாறுதல் ஒன்று உண்டு. பெரிய சின்னங்களை மட்டும் பார்த்துத் திருப்தியடையாமல், ஒரு ஊரின் ஜனங்கள் எப்படிப் பிழைக்கிறார்கள், என்ன உண்கிறார்கள், எந்தத் தெருவில் என்ன நடந்தது என்று அறிய விரும்பும் இளைஞர் கூட்டம் தோன்றியிருக்கிறது. பர்மாவிலிருந்து அகதிகளாய் வந்த நம்மவர்கள் பாரிமுனைக்கு அருகே மாலையில் தட்டுவண்டி போட்டு விற்கும் அத்தோ, மொய்ங்கா என்னும் பர்மிய உணவுகளைத் தேடி, நகரத்தின் தென்கோடியிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்டதிலிருந்து, திருவொற்றியூருக்கு நகரத்தின் பல பகுதிகளிலிருந்தும் எளிதாக வந்துசேரலாம் என்று ஆகிவிட்டது. ஆகவே வடசென்னைக்கும் வருவார்கள். வருகிறபோது என்ன ஆகும் என்பதே என் கவலை.

அந்தக் கவலைக்குக் காரணம் உண்டு. சென்னையின் சுற்றுலா தெற்கே போனதற்கு ஒரு காரணம் மெரினா. அந்த மணற்பரப்பின் வரலாற்றை நாம் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். நம் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதியும் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்காக நகர்த்திச் செல்கின்றன. 1876-இல் தொடங்கி, 1881-இல் புயலில் சிதைந்து, 1895-இல் நிறைவேறிய துறைமுகத்தின் கற்சுவர்கள் அந்த மணலின் வழியை மறித்தன. மறிக்கப்பட்ட மணல் தெற்கே சேர்ந்து சேர்ந்து, உலகம் புகழும் அகன்ற கடற்கரையாயிற்று. வரவேண்டிய மணல் வராமற்போன வடக்கே கடல் கரையைத் தின்னத் தொடங்கிற்று. காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் எத்தனை குப்பங்கள், எத்தனை தெருக்கள் கடலுக்குள் போயின என்பதை இங்குள்ள முதியோர் சொல்வார்கள். இன்று எண்ணூர் நெடுஞ்சாலையில் போகிறவர் காண்பது மணலை அல்ல. கடலைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்பாறைகளை. சனி ஞாயிறுகளில் இலட்சம் பேர் சுண்டல் தின்று காற்று வாங்கும் அந்த இன்பத்துக்கு, ஒன்றேகால் நூற்றாண்டாக விலை கொடுத்துவருகிறவர்கள் இந்தக் கரையின் மீனவர்கள். சுற்றுலாவின் வரவுசெலவுக் கணக்கில் இந்தச் செலவை யாரும் எழுதியதில்லை. வரவு ஓரிடத்திலும் செலவு இன்னோரிடத்திலும் விழுகிறபோது, செலவு கண்ணுக்குப் படுவதில்லை.

எண்ணூரின் கதையும் அத்தகையதே. கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் அந்தக் கழிமுகம் ஒரு காலத்தில் சென்னை வெள்ளைக்கார துரைமார்களுக்கு ஓய்விடமாக இருந்தது. கோக்ரேன் என்பவர் 1806-இல் வெட்டுவித்த கால்வாய் வழியே படகில் போய்த் தங்கித் திரும்புவார்கள். 1877-78 பஞ்ச காலத்தில் பசித்தவர்களைக் கொண்டு நீட்டித்து, பக்கிங்காம் கால்வாய் என்று பேர் சூட்டப்பட்ட அந்த நீர்வழியில், பழவேற்காட்டு டச்சுக்காரரின் கல்லறைகள்வரை படகில் போய்வர முடிந்தது. இன்று அந்தக் கால்வாய் சாக்கடை. கழிமுகத்தில் அனல் மின்நிலையச் சாம்பல் படிந்திருக்கிறது. 2017 ஜனவரி 28-இல் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் சிந்தியபோது, இளைஞர்கள் வாளிகளால் அதை அள்ளியதை நாம் கண்டோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் ஆற்றில் இறங்கி, படகும் வலையும் கறுத்து, கூழைக்கடாக்கள் சிறகு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் கண்டோம். அந்த மாதமே ஓர் இரவில் அம்மோனியா வாயு கசிந்து, பெரியகுப்பத்து ஜனங்கள் மூச்சுத் திணறிக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இந்த இடத்தில் ஒரு படகுத்துறையும் நாலு வண்ணக் குடைகளும் போட்டுச் சுற்றுலாத் தலம் என்று பலகை நட்டால், அது அந்த ஜனங்களை அவமதிப்பதாகும். இறாலும் நண்டும் மறுபடி பெருகி, முறைவைத்து வலை வீசும் மீனவன் வயிறு நிறையும் அளவுக்கு ஆற்றைத் துப்புரவாக்கட்டும். பார்க்க வருகிறவர்கள் பிறகு தாமே வருவார்கள். ஊராருக்கு வேண்டியதும் விருந்தினருக்கு வேண்டியதும் எண்ணூரில் ஒன்றேதான். அது சுத்தமான நீர்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போய்ப் பாருங்கள். வெள்ளி முளைக்கும் முன்பே விசைப்படகுகள் அணைந்து, ஐஸ் பெட்டிகள் இறங்கி, வஞ்சிரமும் சங்கராவும் கடம்பாவும் கூறு கூறாகத் தரையில் பரப்பப்பட்டு, ஏலம் கூவுகிறவரின் குரல் ஒரு பக்கமும் கூடைக்காரப் பெண்களின் பேரம் ஒரு பக்கமுமாக, ஈரத் தரையில் நிற்க இடமில்லாத நெரிசல். வருஷத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. அந்த நாட்களில் மட்டும் இந்த ஆரவாரம் அடங்கியிருக்கும். இப்போதெல்லாம் இந்த நெரிசலுக்குள் கேமராவும் கையுமாகச் சிலர் புகுந்து, மீன் வெட்டிக்கொண்டிருக்கும் பெண்மணியின் முகத்துக்கு நேரே அதை நீட்டுகிறார்கள். ஒரு முறை என் கண்ணெதிரே அப்படி நீட்டிய பையனிடம் அந்த அம்மாள், “தம்பி, வாங்குறதுன்னா வாங்கு, இல்லாட்டி ஓரமா நில்லு, போணி கெடுது” என்றார். கோபமில்லாமல் சொன்னார். சுற்றுலாத் துறையார் எழுதுகிற கொள்கை நூல்களில் இதைவிடத் தெளிவான விதி ஒன்றை நான் படித்ததில்லை. வருகிறவன் வாங்க வேண்டும், வேலைக்கு இடைஞ்சலாக நிற்கக் கூடாது, பிழைப்புக்குச் சேதம் வரக் கூடாது.

வடசென்னை வளர்ச்சிக்கென்று அரசு 2023-இல் ஆயிரம் கோடி ரூபாய் அறிவித்து, பின்னர் அதைப் பெருக்கியும் இருக்கிறது. அந்தத் திட்டத்தோடு இணைத்து ஆராயும்படி சில வேண்டுகோள்களை இந்தச் சபையின் மூலம் தெரிவிக்க விரும்புகிறேன். இராயபுரம் நிலையத்தை ரயில் ஓடுகிற நிலையமாகவே வைத்துக்கொண்டு, பழைய கூடத்தில் ரயில் வந்த கதையையும் கப்பலேறிய தமிழரின் கதையையும் சொல்லும் ஒரு காட்சிசாலையை ரயில்வேயாரும் துறைமுகத்தாரும் சேர்ந்து அமைக்கட்டும். பழைய பயணிகள் பட்டியல்கள் எங்கேனும் கிடைத்தால், பினாங்கிலிருந்து வருகிற பேத்தி தன் பாட்டனார் பெயரை அதில் தேடிப் பார்க்கட்டும். திருவொற்றியூர் விமானத்தையும் கல்வெட்டுகளையும், இராயப்பர் தேவாலயத்தையும், 1910-இல் பார்சிகள் இங்கே கட்டிய அக்கினி ஆலயத்தை வெளியிலிருந்தேனும், விளக்கிச் சொல்லும் வழிகாட்டிகளாக இந்தக் குப்பங்களின் பிள்ளைகளையே பயிற்றிச் சம்பளம் கொடுத்து அமர்த்தட்டும். வெளியூர்க் கம்பெனி ஒன்று வந்து நம் தெருக்களைக் காட்டிக் காசு வாங்கிப் போக வேண்டாம்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் காசிமேட்டு ஏலத்தளத்தில் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. நள்ளிரவிலிருந்து நண்பகல் வரை அங்கே நிற்கும் கூடைக்காரப் பெண்களுக்குப் போதுமான கழிப்பறைகளும், குடிதண்ணீர்க் குழாய்களும், வெயில் படாத ஒரு கொட்டகையும் வேண்டும். சுற்றுலாவுக்கென்று ஒதுக்கும் தொகையின் முதல் ரூபாயை அதற்குச் செலவிடும்படி மாநகராட்சியாரையும் மீன்வளத் துறையாரையும் கேட்டுக்கொள்கிறேன்.